இரண்டு கோடு விழுந்த அன்றே மனநல மாத்திரையை நிறுத்தலாமா?

மெடிக்கலில் வாங்கி வந்த கார்டில் இரண்டு கோடு விழுந்திருக்கிறது. நாள் தள்ளிப் பத்து நாள்தான் ஆகிறது, வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இரவு எல்லோரும் படுத்த பிறகு அவள் கைப்பையின் உள் ஜிப்பைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்துப் பார்க்கிறாள். பத்தில் நான்கு மீதி இருக்கிறது. அட்டையை மடித்து, பேப்பரில் சுற்றி, குப்பைக்கூடையின் அடியில் போட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்கிறாள். குழந்தைக்காக என்று நினைத்துத்தான் அதைச் செய்கிறாள்.

மனநல மருத்துவர் அவளை அடுத்து பார்ப்பது சில வாரம் கழித்து. மூன்று நாளாகத் தூங்காமல், பேச்சை நிறுத்தாமல் இருப்பாள். அல்லது அதற்கு நேர்மாறாக, பல் தேய்க்கக்கூட எழ முடியாமல் கிடந்திருப்பாள். கணவரும் அம்மாவும் கூட்டிக்கொண்டு வருவார்கள். "மாசமா இருக்கா டாக்டர், இப்போ மாத்திரை கொடுத்தா குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

நியாயமான கேள்வி. ஆனால் அது பாதிக் கேள்வி. மாத்திரை சாப்பிட்டால் என்ன ஆகும் என்று கேட்கிறோம், சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. நான் இதை எழுத உட்கார்ந்தது அந்த மறுபாதிக்காகத்தான்.

மறுபாதிக்கும் எண்கள் உண்டு. மனச்சோர்வு நோய் இருந்து, மாத்திரையால் குணமாகி, பிறகு கர்ப்பமான 201 பெண்களை அமெரிக்காவில் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2006-இல் வெளியானது. மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 26 சதவீதம் பேருக்குப் பிரசவத்துக்கு முன்பே நோய் திரும்பியது. நிறுத்தியவர்களில் அது 68 சதவீதம். கர்ப்பம் வந்தால் மனம் தானாகவே சந்தோஷமாகிவிடும் என்று நம் வீடுகளில் நம்புகிறார்களே, அந்த நம்பிக்கைக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை. அடுத்த வருடமே பைபோலார் நோய், அதாவது ஒரு சமயம் அளவுமீறிய உற்சாகம், இன்னொரு சமயம் ஆழ்ந்த சோர்வு என்று மாறி மாறி வரும் நோய், உள்ள 89 கர்ப்பிணிகளைப் பற்றிய ஆய்வு வந்தது. மாத்திரையை நிறுத்தியவர்களில் 85 சதவீதத்துக்கு மேல் நோய் திரும்பியது, தொடர்ந்தவர்களில் 37 சதவீதம். அதில் என்னை அதிகம் யோசிக்க வைத்த விஷயம் இன்னொன்று: மாத்திரையைச் சட்டென்று நிறுத்தியவர்களுக்கு, படிப்படியாகக் குறைத்தவர்களைவிட 11 மடங்கு வேகமாக நோய் திரும்பியது. குப்பைக்கூடைக்குள் போன அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பெண்களுக்கும் இதே கணக்கு என்று சொல்ல வரவில்லை. இந்த இரண்டு ஆய்வுகளும் பெரிய மருத்துவமனைகளின் சிறப்பு மையங்களுக்கு வந்த, நோய் கடுமையாக இருந்த பெண்களைப் பற்றியவை. 2011-இல் வெளியான வேறொரு ஆய்வு லேசான நோய் உள்ளவர்களையும் சேர்த்துப் பார்த்தது. அதில் நிறுத்தியவர்களுக்கும் தொடர்ந்தவர்களுக்கும் அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அதற்கு முன் நான்கு தடவையோ அதற்கு மேலோ நோய் வந்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாகத்தான் இருந்தது. ஆகவே ஒரே ஒரு தடவை, லேசாக, சில மாதம் டிப்ரெஷன் வந்து நன்றாக இருக்கும் பெண், மருத்துவரோடு பேசி மெல்ல நிறுத்திவிட்டு, கவுன்சிலிங்கோடு கர்ப்ப காலத்தைக் கடக்க முடியும். இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்ந்தவளுக்கு அதே யோசனையைச் சொல்லக் கூடாது.

இன்னொரு எண்ணையும் கையில் வைத்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும். எந்த மாத்திரையும் சாப்பிடாத, எந்த நோயும் இல்லாத பெண்களுக்குப் பிறக்கும் குழந்தைகளிலும் நூற்றில் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு ஏதாவது பிறவிக் குறை இருக்கும். இது தெரியாவிட்டால் எந்த மருந்தின் கணக்கும் பயமுறுத்தத்தான் செய்யும்.

இனி பைபோலாருக்குத் தரும் லித்தியம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு பயம் எப்படிப் பிறக்கிறது, பிறகு எப்படித் தன் உண்மையான அளவுக்கு வருகிறது என்பதை இந்த மருந்தில் பார்த்ததுபோல் வேறு எதிலும் பார்க்க முடியாது.

1961-இல் தாலிடோமைடு மாத்திரையை ஜெர்மனியில் விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். மசக்கைக்கும் தூக்கத்துக்கும் என்று தாய்மார்கள் சாப்பிட்ட மாத்திரை அது. கை கால் வளராமல் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறந்தார்கள். அந்த அதிர்ச்சியில் இருந்த உலகத்துக்குள்தான் லித்தியம் பைபோலார் நோய்க்கு மருந்தாகப் பரவிக்கொண்டிருந்தது. இதிலும் அப்படி ஏதாவது நடந்துவிடக் கூடாதே என்று டென்மார்க் மருத்துவர்கள் 1960-களின் கடைசியில் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். கர்ப்ப காலத்தில் லித்தியம் சாப்பிட்ட தாய்களின் குழந்தைகளைப் பற்றி எந்த நாட்டு மருத்துவரும் அதற்கு எழுதலாம். 225 குழந்தைகள் அதில் பதிவானார்கள். 18 பேருக்கு இதயத்திலோ ரத்தக் குழாயிலோ குறை இருந்தது. அதில் 6 பேருக்கு எப்ஸ்டைன் குறைபாடு, அதாவது இதயத்தின் வலது பக்க வால்வு இருக்க வேண்டிய இடத்தைவிடக் கீழே இறங்கி இருக்கும் குறை. பொதுவாக இருபதாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் அது வரும். 225-இல் ஆறு என்றால் யாருக்குத்தான் பயம் வராது? 400 மடங்கு ஆபத்து என்ற கணக்கு பாடப்புத்தகங்களில் ஏறிவிட்டது.

பதிவேட்டை நடத்தியவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் நடத்தினார்கள். கோளாறு அதன் அமைப்பிலேயே இருந்தது. குறையோடு குழந்தை பிறந்தால் மருத்துவர் கடிதம் எழுதுவார். நல்லபடியாகப் பிறந்து, அழுது, பால் குடித்து வீட்டுக்குப் போன குழந்தையைப் பற்றி யார் டென்மார்க்குக்குக் கடிதம் எழுதப்போகிறார்கள்? 1994 வாக்கில் மறுகணக்குப் போட்டபோது, லித்தியம் சாப்பிட்ட தாய்களின் குழந்தைகளில் எப்ஸ்டைன் குறை ஆயிரம், இரண்டாயிரம் பேருக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. 2017-இல் அமெரிக்காவில் 13 லட்சத்துக்கு மேற்பட்ட கர்ப்பங்களை வைத்து ஒரு கணக்கு வந்தது. லித்தியம் சாப்பிடாதவர்களின் குழந்தைகளில் இதயக் குறை 1.15 சதவீதம், முதல் மூன்று மாதத்தில் சாப்பிட்டவர்களின் குழந்தைகளில் 2.41 சதவீதம். நூறு குழந்தைகளுக்குக் கூடுதலாக ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் அளவைப் பொறுத்தது. தினம் 600 மில்லிகிராம் வரை சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய கூடவே இல்லை, 900-ஐத் தாண்டியவர்களுக்கு மூன்று மடங்கு ஆனது.

ஆபத்து இல்லை என்று இதற்குப் பொருள் கிடையாது. ஆபத்தின் அளவு தெரிந்துவிட்டது, அதனால் அதைச் சமாளிக்கும் வழியும் தெரிந்துவிட்டது. முடிந்த அளவு குறைந்த டோஸ், ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு என்று அடிக்கடி பரிசோதனை, ஐந்தாம் மாத ஸ்கேனோடு குழந்தையின் இதயத்துக்கென்று தனி எக்கோ. இடையில் போன அந்த முப்பது நாற்பது வருடத்தில், 400 மடங்கு என்ற எண்ணை நம்பி லித்தியத்தை நிறுத்திவிட்டு, பிரசவத்தை ஒட்டிப் புத்தி பேதலித்துப்போன பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர்களுக்காக யாரும் பதிவேடு வைக்கவில்லை.

அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரை கர்ப்பகால மருந்துகளுக்கு ஏ, பி, சி, டி, எக்ஸ் என்று எழுத்து போட்டு வைத்திருந்தார்கள். நம் ஊர் மருத்துவர்களும் அதைப் பார்த்துத்தான் பழகினார்கள், சிலர் இன்னும் பார்க்கிறார்கள். அதில் லித்தியமும் 'டி', அதாவது கருவுக்கு ஆபத்து உண்டு, ஆனாலும் அவசியமானால் தரலாம். பைபோலாருக்கும் வலிப்புக்கும் தரும் வால்ப்ரோயேட்டும் 'டி'. இந்த இரண்டையும் ஒரே எழுத்துக்குள் அடைத்ததுபோல் தவறான வழிகாட்டுதல் இல்லை. அந்த முறையைக் கைவிட்டது நல்லது.

வால்ப்ரோயேட் விஷயத்தில் மட்டும் என் குரல் மாறும். கர்ப்ப காலத்தில் அதைச் சாப்பிட்ட தாய்களின் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறை வருகிறது. முதுகுத் தண்டு மூடாமல் போவது, அண்ணப் பிளவு, இதயக் குறை எல்லாம் அதில் அடக்கம். வெளியில் தெரியாத பாதிப்பு அதைவிடப் பெரிது. நூற்றில் 30 முதல் 40 குழந்தைகளுக்குப் பேச்சு, நடை, படிப்பு, புத்தி வளர்ச்சியில் ஏதாவது ஒரு தாமதம் இருக்கிறது. ஆட்டிசத்தின் வாய்ப்பும் கூடுகிறது. ஃபோலிக் ஆசிட் மாத்திரை சேர்த்துச் சாப்பிட்டால் இந்தப் பாதிப்பு வராது என்று எண்ணிவிடக் கூடாது. ஃபோலிக் ஆசிட் அவசியம்தான், ஆனால் வால்ப்ரோயேட் செய்வதை அது அழித்துவிடுவதில்லை.

இது திடீரென்று கண்டுபிடித்த செய்தியும் இல்லை. முதுகுத் தண்டுக் குறைக்கும் இந்த மருந்துக்கும் தொடர்பு இருப்பதாக பிரான்சின் லியோன் நகரத்திலிருந்து 1982-லேயே எச்சரிக்கை வந்தது. அதே பிரான்சில், மருந்து சந்தைக்கு வந்த 1967 முதல் 2,150-இலிருந்து 4,100 குழந்தைகள் வரை குறையோடு பிறந்திருக்கலாம் என்று அரசு அமைப்புகள் 2017-இல் மதிப்பிட்டன. பாதிக்கப்பட்ட குழந்தைகளின் தாய்கள் சங்கம் அமைத்துக் கோர்ட் ஏறிய பிறகுதான் விஷயம் நாடு முழுவதும் பேசப்பட்டது. 2018-இல் ஐரோப்பிய மருந்து முகமை விதியைக் கடுமையாக்கியது. பைபோலார் நோய்க்காகக் கர்ப்ப காலத்தில் இதைத் தரவே கூடாது, குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்குக் கருத்தடை ஏற்பாடு இல்லாமல் எழுதக் கூடாது என்று ஆனது.

நம் ஊரில் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இந்த மாத்திரையை எழுதிக் கொடுக்கும்போது, "கல்யாணம் பேசிட்டு இருக்கீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். வெளியே ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஓ.பி.யில் அந்தக் கேள்வி பல சமயம் விட்டுப்போகிறது. அட்டையில் சோடியம் வால்ப்ரோயேட் என்றோ டைவால்ப்ரோயெக்ஸ் என்றோ இருந்தால், அந்தக் கேள்வியை நீங்களே கேளுங்கள். கல்யாணத் தேதி குறிப்பதற்கு முன்னாலேயே வேறு மருந்துக்கு மாற்றிவிடலாம். மாற்றி, அது ஒத்துப்போகிறதா என்று பார்க்கவே சில மாதம் ஆகும். முதுகுத் தண்டு மூடுவதோ கருவின் நான்காவது வாரத்துக்குள் முடிந்துவிடும். அதாவது நாள் தள்ளிப்போனது தெரிந்து, கார்டு வாங்கி, டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதற்குள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கர்ப்பமாகிவிட்டால், வலிப்பு நோய் உள்ளவர்கள் தாங்களாக ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வேறு ஏதோ மாத்திரை முதல் மாதத்தில் உள்ளே போய்விட்டது என்ற ஒரே காரணத்துக்காக, "எதுக்கு ரிஸ்க், கலைச்சிடலாம்" என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. ஆசைப்பட்டு வந்த கருவை அப்படி அழிப்பதற்கு மனநல மாத்திரைகளில் பெரும்பாலானவை காரணமாகவே இருக்க முடியாது. ஸ்கேன் இருக்கிறது, கேட்டுத் தெளிய மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

டிப்ரெஷனுக்கும் பதற்றத்துக்கும் தரும் செர்ட்ரலின், எஸ்சிடலோபிராம், ஃப்ளுவாக்ஸெடின் வகை மாத்திரைகளைப் பற்றித்தான் ஆய்வுகள் மலைபோல் குவிந்திருக்கின்றன. 2014-இல் ஒன்பதரை லட்சம் கர்ப்பங்களை வைத்துப் பார்த்தபோது, இந்த மாத்திரைகளால் இதயக் குறை குறிப்பிடும்படியாகக் கூடவில்லை என்று தெரிந்தது. பிறந்த குழந்தையின் நுரையீரல் ரத்தக் குழாயில் அழுத்தம் கூடும் ஓர் அபூர்வச் சிக்கல் உண்டு. சாப்பிடாதவர்களுக்கு ஆயிரத்தில் இரண்டு, சாப்பிட்டவர்களுக்கு ஆயிரத்தில் மூன்று என்ற அளவில் அது வருகிறது. கடைசி மாதம் வரை மாத்திரை சாப்பிட்டால், பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று சில நாள் சிணுங்கலாக, கை கால் நடுங்கி, சரியாகப் பால் குடிக்காமல் இருக்கும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். மாத்திரை விவரம் முன்கூட்டியே குழந்தை மருத்துவருக்குத் தெரிந்திருந்தால் போதும், தேவையில்லாத பரிசோதனையும் பதற்றமும் மிச்சம்.

ஆட்டிசம் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதையும் பார்த்துவிடுவோம். மாத்திரை சாப்பிட்ட தாய்களின் குழந்தைகளையும் சாப்பிடாத தாய்களின் குழந்தைகளையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியத்தான் செய்கிறது. ஆனால் அந்த இரண்டு தாய்களுக்கும் நடுவே மாத்திரை மட்டுமா வித்தியாசம்? ஒருவருக்கு நோய் இருக்கிறது, அதன் பின்னால் பரம்பரை இருக்கிறது. அதனால் ஸ்வீடன் நாட்டின் பிறப்புப் பதிவுகளை வைத்து, ஒரே தாய்க்குப் பிறந்த குழந்தைகளையே ஒப்பிட்டார்கள். அக்கா வயிற்றில் இருந்தபோது அம்மா மாத்திரை சாப்பிட்டார், தம்பி இருந்தபோது சாப்பிடவில்லை. 2017-இல் வெளியான அந்த ஒப்பீட்டில் ஆட்டிசத்தின் வித்தியாசம் மறைந்துவிட்டது. கொஞ்சம் முன்கூட்டிப் பிறக்கும் வாய்ப்பு மட்டும் மிஞ்சியது.

மனச்சிதைவு நோய்க்குத் தரும் மாத்திரைகளில் பிறவிக் குறை பெரிய கவலை இல்லை. ரிஸ்பெரிடோனில் மட்டும் சிறு கூடுதல் தெரிந்தது. இங்கே கவனிக்க வேண்டியது சர்க்கரை. ஓலான்சபின், குவெட்டியாபின் இரண்டும் எடையையும் கர்ப்பகாலச் சர்க்கரையையும் கூட்டும். நமக்கோ ஏற்கெனவே அந்த உடல்வாகு. தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்துச் சர்க்கரை பார்க்கும் முறை 2007-லிருந்தே இருக்கிறது. இந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் அந்தப் பரிசோதனையை ஒரு தடவைகூடத் தள்ளிப்போடக் கூடாது. இன்னொன்று, ரிஸ்பெரிடோன் போன்றவை சிலருக்கு மாதவிலக்கையே நிறுத்திவிடும். கல்யாணமாகி இரண்டு வருடம் "விசேஷம் உண்டா?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி ஓய்ந்த பெண்ணுக்கு, வேறு மருந்துக்கு மாற்றிய இரண்டாம் மாதமே கரு தங்கிவிடுவதும் உண்டு. மாற்றும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும்.

தூக்க மாத்திரையை, முக்கியமாக அல்பிரசோலம் வகையை, குறைந்த அளவில் குறைந்த நாளுக்கு மட்டும். பிரசவ நேரத்தில் அதிகம் சாப்பிட்டிருந்தால் குழந்தை துவண்டுபோய், மூச்சு விடச் சிரமப்படும். கடுமையான நோயில், மயக்க மருந்து கொடுத்துத் தரும் மின் அதிர்வு சிகிச்சை கர்ப்ப காலத்திலும் செய்யக்கூடியது என்பதையும் சொல்லிவைக்கிறேன், பலரும் கேட்டதும் பதறுகிறார்கள்.

அப்புறம், கர்ப்பிணியின் உடம்பே மாறிக்கொண்டிருக்கும். சிறுநீரகம் வழக்கத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேலை செய்யும். ஆகவே அதே லித்தியம் மாத்திரைதான், ரத்தத்தில் அளவு இறங்கிவிடும். பைபோலாருக்கும் வலிப்புக்கும் தரும் லாமோட்ரிஜினின் அளவும் இறங்கும், அது கல்லீரலின் வேலை. ஆனால் மசக்கையில் நாள் முழுக்க வாந்தி எடுத்துத் தண்ணீர் வற்றினால் லித்தியம் திடீரென்று ஏறி விஷமாகலாம். பிரசவமானதும் சிறுநீரகம் சில நாளில் பழைய வேகத்துக்குத் திரும்பும். கூட்டிவைத்த டோஸ் அப்போது அதிகமாகிவிடும். சிசேரியன் வலிக்கு வழக்கமாகப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசியும் லித்தியத்தை ஏற்றும். இது மகப்பேறு மருத்துவர், மயக்க மருத்துவர், மனநல மருத்துவர் மூவரும் ஒரே தாளைப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை.

அந்தத் தாள்தான் நம் வழக்கத்தில் நடுவழியில் தொலைகிறது. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் அடுக்கி, சாதம் கட்டி, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறோம். ஊர் மாறுகிறது, ஆஸ்பத்திரி மாறுகிறது. புது டாக்டர் கையில் ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் இருக்கும், மனநல மருத்துவரின் சீட்டு இருக்காது. சில வீடுகளில் மாமியாருக்குத் தெரியாது, சில வீடுகளில் கணவருக்கே தெரியாது. கல்யாணத்தின்போது மறைத்தது இன்னும் மறைந்தே இருக்கும். பெண்ணின் அம்மாவுக்கு மட்டும் தெரியும். அந்த அம்மாக்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் மட்டுமாவது, தனியாக அழைத்து, மாத்திரையின் பெயரையும் அளவையும் சொல்லிவிடுங்கள்.

ஏனென்றால் ஆபத்தின் உச்சம் கர்ப்பத்தில் இல்லை, பிரசவத்துக்குப் பிந்தைய முதல் சில வாரத்தில் இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு புத்தி பேதலிக்கும் நோய் பொதுவாக ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். பைபோலார் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கு வரலாம். பிரிட்டனில் தாய்களின் மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்கிறார்கள். பிரசவமாகி ஆறு வாரத்திலிருந்து ஒரு வருடத்துக்குள், கர்ப்பத்தோடும் பிரசவத்தோடும் நேரடித் தொடர்புள்ள காரணத்தால் இறக்கும் தாய்களில் தற்கொலைதான் முதலிடத்தில் இருக்கிறது. 'பச்ச உடம்பு, சூடு ஏறிடுச்சு' என்று தள்ளிப்போடும் இரண்டு நாளில் நிலைமை கைமீறிவிடும். பேச்சு தாறுமாறாகிவிட்டாலோ, குழந்தையைப் பற்றி விபரீதமாகச் சொன்னாலோ அன்றே மருத்துவமனை. வழி தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416, தமிழில் பேசலாம்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்கள் அதிகம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009 முதல் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவே நடக்கிறது. பால் கொடுப்பதையும் எல்லாரும் நிறுத்த வேண்டியதில்லை. செர்ட்ரலின் போன்றவை பாலில் மிகக் குறைவாகத்தான் இறங்கும். லித்தியமும், மனச்சிதைவுக்குத் தரும் குளோசபினும் சாப்பிடுபவர்கள்தான் மருத்துவரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

இரவில் யார் விழித்திருப்பது என்பதையும் பிரசவத்துக்கு முன்பே பேசி வைத்துவிடுங்கள். பைபோலார் உள்ள தாய்க்குத் தொடர்ந்து நான்கைந்து மணி நேரத் தூக்கம் மாத்திரை அளவுக்கு முக்கியம். பத்து மணிக்குப் பால் கொடுத்துவிட்டு அவள் படுக்கட்டும். இரண்டு மணி அழுகைக்கு, பிழிந்து வைத்த பாலோடு அவள் கணவர் எழுந்திருக்கட்டும், அல்லது அவள் அம்மா. தொட்டில் அந்த ஒரு மாதம் பக்கத்து அறையில் ஆடட்டும்.